கீவான் காட்டிய 910: ஹையான் புயலின் வலிமையை யார் அளந்தார்கள்?

2013 நவம்பர் 8, விடியற்காலை 4.40 மணி. பிலிப்பைன்ஸின் கிழக்குக் கோடியில், சமார் தீவின் தென்முனையில் இருக்கிறது கீவான். ஹையான் புயல் முதலில் கரையேறியது அங்கேதான். உள்ளூர்க்காரர்கள் அதை யோலண்டா என்ற பெயரில்தான் அறிவார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அந்த ஊர் வானிலை நிலையத்தில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி 910 ஹெக்டாபாஸ்கல் வரை இறங்கியது. ஜப்பான் நிதியுதவியில் அண்மையில்தான் கட்டி முடித்திருந்த ராடாரைப் புயல் நொறுக்கிப் போட்டது. புயலின் உச்சக் காற்றை அளந்து சொல்ல எந்தக் காற்றுமானியும் மிஞ்சவில்லை.

ஹையானைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட எண்கள் வேறு. மணிக்கு 315 கிலோமீட்டர், மணிக்கு 230 கிலோமீட்டர், 895 ஹெக்டாபாஸ்கல், சிலர் எழுதிய 858. இவற்றில் ஒன்றுகூடக் கருவியில் படித்த எண் அல்ல. கீவானின் 910 மட்டும் ஒரு கருவி அந்த இடத்தில் இருந்து, உணர்ந்து, பதிந்த எண். இந்த வேறுபாட்டைச் செய்திகள் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. ஒரு புயலின் எண்ணைக் கேட்டால், அதை யார் அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஹையானை இங்கே எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

முதலில் 910 என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கடல் மட்டத்தில் காற்றின் சராசரி அழுத்தம் 1013 ஹெக்டாபாஸ்கல். மில்லிபார் என்று படித்தவர்களுக்கும் அதே எண்தான். ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் ஏறத்தாழ 10 டன் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அழுத்தம் 910-க்கு இறங்கினால், சதுர மீட்டருக்கு ஒரு டன் காற்று குறைந்துவிட்டது. பாதரசக் குழாயில் பார்த்தால் ஏறத்தாழ சாணில் மூன்றில் ஒரு பங்கு, 75 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கம்.

ஆனால் பெங்களூரில் இருக்கும் ஒருவர் தன் கைப்பேசியில் உள்ள அழுத்த உணரியை இப்போதே திறந்து பார்த்தால், அதுவும் 910-ஐ ஒட்டித்தான் காட்டும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே தினமும் 910, தினமும் தென்றல். அப்படியானால் அழுத்தம் குறைவாக இருப்பது மட்டும் புயலைச் செய்வதில்லை. பக்கத்து இடத்துக்கும் இந்த இடத்துக்கும் ஒரே உயரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் காற்றைத் தள்ளுகிறது. ஹையானில் வெளி விளிம்பில் 1008-ஐ ஒட்டி இருந்த அழுத்தம் சில நூறு கிலோமீட்டருக்குள் நூறு அலகு சரிந்தது. அந்தச் சரிவிலும் பெரும்பகுதி, புயலின் மையமான கண்ணைச் சூழ்ந்து நிற்கும் மேகச் சுவரான கண்சுவரை ஒட்டிய கடைசிச் சில பத்துக் கிலோமீட்டரில். மேட்டிலிருந்து மெதுவாக இறங்கும் சாலைக்கும், திடீரென்று முடியும் பாறை விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் அது. இதனால்தான் பெரும்பாலான வானிலை நிலையங்கள் தங்கள் அளவைக் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டே அறிவிக்கின்றன. அப்படி மாற்றாவிட்டால் வரைபடத்தில் கொடைக்கானலும் ஊட்டியும் நிரந்தரப் புயல் மையங்களாகத் தெரியும்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று அக்டோபர் பிறந்தால் தினமும் கேட்கிறோம். பெயரில் அழுத்தம் இருப்பதால் அழுத்தத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வகை பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல், 222-ஐத் தொட்டால் அதி உச்சப் புயல். ஆனால் நடுக்கடலில் காற்றை அளக்கக் கருவி எங்கே இருக்கிறது? மேகத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். ஹையானுக்கும் அதைத்தான் செய்தார்கள்.

பாரமானி ஒரு நேர்மையான கருவி. காற்றுமானிக்குத் திறந்தவெளி வேண்டும், உயரமான கம்பம் வேண்டும். பறந்து வரும் ஒரு தகரத் துண்டு போதும், அதன் கிண்ணங்கள் போய்விடும். பாரமானி அறைக்குள்ளே, மேசை மேல், மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்தபடி வேலை செய்யும். சுவர் நின்றால் அதுவும் நிற்கும். பழைய பாரமானிப் பதிவுக் கருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடிகார இயக்கத்தில் வாரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் உருளை, அதன் மேல் சுற்றிய கட்டம் போட்ட தாள், அதைத் தொட்டபடி மை தோய்ந்த ஒரு மெல்லிய முள். வெப்ப மண்டல ஊர்களில் அந்த முள் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் மேடு, மாலை நான்கு மணி வாக்கில் பள்ளம், இரவில் இன்னொரு மேடு. மூன்று நான்கு ஹெக்டாபாஸ்கல் வீச்சில், கடலின் ஏற்ற இறக்கம் போல அவ்வளவு ஒழுங்காக வரும். அந்த ஒழுங்கே எச்சரிக்கையும்கூட. காலை பத்து மணிக்கு ஏற வேண்டிய முள் ஏறவில்லை என்றால், கடலில் எங்கோ ஏதோ இருக்கிறது. புயல் நெருங்க நெருங்க அலைபோன்ற அந்தக் கோடு சாயும், பிறகு செங்குத்தாக விழும், கண் கடந்ததும் விழுந்த வேகத்திலேயே எழும். தாளில் ஆங்கில வி எழுத்துப் போல ஒரு கூரிய வெட்டு விழும்.

பிலிப்பைன்ஸ் இந்த வெட்டுகளை நன்கு அறிந்த நாடு. 1865-ல் மணிலாவில் ஏசு சபைப் பாதிரியார்கள் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அங்கிருந்த ஃபெடெரிகோ ஃபௌரா 1879-ல் பாரமானியையும் மேகங்களையும் பார்த்து முதல் புயல் எச்சரிக்கையை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஹோசே அல்குவே, பாதரசம் இல்லாத அனிராய்டு பாரமானியையும் காற்றின் திசையிலிருந்து புயல் மையம் எந்தப் பக்கம் என்று சொல்லும் சுழல்தட்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஒரு கருவி செய்தார். மாலுமிகள் அதைக் கப்பல்களில் கொண்டுபோனார்கள். அதே அல்குவேதான் 1897 அக்டோபர் 12, 13-ல் சமாரையும் லெய்ட்டேயையும் தாக்கிய புயலை விரிவாகப் பதிவு செய்தவர். அந்தப் புயல் போன பாதையைப் படத்தில் வரைந்து, அதன் மேல் ஹையானின் பாதையை வைத்தால் இரண்டும் ஏறத்தாழப் பொருந்தும். கடல் ஊருக்குள் ஏறியதும் அதே கரையில்தான். 116 ஆண்டு இடைவெளியில் அந்த நினைவு ஊரில் மங்கிவிட்டது.

ஹையானின் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு வருவோம்.

பசிபிக்கின் மேற்குப் பகுதியில் ஒரு காலத்தில் விமானங்கள் புயலுக்குள் பறந்தன. குவாம் தீவிலிருந்து கிளம்பும் அமெரிக்க விமானப்படை விமானம் கண்சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், கண்ணுக்குள் ஒரு சிறு கருவியைப் போடும். பாராசூட்டில் இறங்கும் அந்தக் கருவி வழியெல்லாம் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வானொலியில் அனுப்பிக்கொண்டே வந்து கடலில் விழும். கடைசியாக அனுப்பிய எண்தான் கடல் மட்ட அழுத்தம். 1979 அக்டோபர் 12-ல் டிப் புயலின் கண்ணில் அப்படிக் கிடைத்ததுதான் 870 ஹெக்டாபாஸ்கல். உலகில் கடல் மட்டத்தில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம் இன்றுவரை அதுவே. 1987 ஆகஸ்டோடு அந்தப் பறப்புகளை நிறுத்திவிட்டார்கள். செயற்கைக்கோள் படம் போதும் என்று முடிவு செய்தார்கள்.

செயற்கைக்கோள் அழுத்தத்தை அளப்பதில்லை. காற்றையும் நேராக அளப்பதில்லை. அது தருவது ஒரு வெப்பப் படம். அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னன் டுவோராக் 1970-களில் அந்தப் படத்தைப் படிக்க ஒரு முறை வகுத்தார். கண்ணின் உள்ளே எவ்வளவு வெதுவெதுப்பு, சுற்றியுள்ள மேக வளையம் எவ்வளவு குளிர்ச்சி, வளையம் எவ்வளவு தடிமன், எவ்வளவு வட்டம் என்று பார்த்து 1 முதல் 8 வரை ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணுக்கு எதிரே அட்டவணையில் ஒரு காற்று வேகம், ஒரு அழுத்தம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் புயல் மையங்கள் இதை நம்பியே இயங்குகின்றன. நம்பத்தக்க முறைதான். விமானம் அளந்த புயல்களோடு ஒப்பிட்டுத்தான் அதைச் செதுக்கினார்கள்.

நவம்பர் 7 இரவு ஹையானின் வெப்பப் படம் எப்படி இருந்தது? நடுவில் சிறிய, தெளிவான, வெதுவெதுப்பான கண். அதைச் சுற்றி மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே உறைந்த, உடையாத மேக வளையம். மதிப்பெண் 8. அளவுகோலின் கடைசிக் கோடு. அதற்கு மேல் போட இடமில்லை. எட்டுக்கு எதிரே அட்டவணையில் இருப்பது 170 நாட், அதாவது மணிக்கு 315 கிலோமீட்டர். அமெரிக்காவின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் அறிவித்த எண் அதுதான். மேற்குப் பசிபிக்குக்கான அழுத்தப் பத்தியில் எட்டுக்கு எதிரே இருப்பது 858. டிப்பை ஹையான் மிஞ்சிவிட்டது என்று எழுதியவர்கள் எடுத்துக்கொண்டது இந்த எண்ணை. அட்டவணையின் ஒரு வரியை, கண்ணுக்குள் விழுந்த கருவியின் அளவோடு எடை போட்டார்கள். இது சரியல்ல.

ஜப்பான் வானிலை முகமை சொன்னது 895 ஹெக்டாபாஸ்கல், மணிக்கு 230 கிலோமீட்டர். 315-க்கும் 230-க்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் ஒன்று உண்டு: அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறார்கள், ஜப்பானியர்கள் பத்து நிமிடச் சராசரி எடுக்கிறார்கள். இந்தியா எடுப்பது மூன்று நிமிடச் சராசரி. நேரம் நீள நீளச் சராசரி குறையும் என்பது உண்மை. ஆனால் அது முழு விளக்கம் இல்லை, கணக்குப் போட்டால் தெரியும். பத்து நிமிட 230-ஐ வழக்கமான விகிதத்தில் ஒரு நிமிடத்துக்கு மாற்றினால் 260-ஐ ஒட்டி வருகிறது. 315 வரவில்லை. இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். அட்கின்சன், ஹாலிடே என்ற இருவர் 1977-ல் மேற்குப் பசிபிக்குக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். 1010-லிருந்து மைய அழுத்தத்தைக் கழித்து, மிச்சத்தை 0.644 அடுக்குக்கு உயர்த்தி, 6.7-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடக் காற்று நாட் கணக்கில் வரும். 895-ஐப் போட்டால் 142 நாட், மணிக்குச் சுமார் 264 கிலோமீட்டர். 858-ஐப் போட்டால்தான் 170 நாட், அதே 315. ஆக, ஜப்பான் தன் எண்களுக்குள் முரண்படவில்லை, அமெரிக்காவும் முரண்படவில்லை. இருவரும் ஒரே படத்தைப் பார்த்து வெவ்வேறு வலிமையுள்ள புயலைக் கண்டிருக்கிறார்கள். சராசரி நேரம் என்ற சாக்கு அந்தக் கருத்து வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

கீவானின் 910-ஐ அதே சூத்திரத்தில் போட்டால் 130 நாட், மணிக்கு 240 சொச்சம். இதை வைத்து ஹையான் அவ்வளவு பலமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நிலையம் தன் தலைக்கு மேல் இருப்பதைத்தான் காட்டும். கண்ணின் நட்ட நடுவிலிருந்து சற்று விலகி நின்றிருந்தாலும் அழுத்தம் சில அலகு கூடுதலாகவே இருக்கும். ஆகவே 910 சொல்வது இவ்வளவுதான்: மையத்தில் 910, அல்லது அதற்கும் கீழே. எவ்வளவு கீழே என்பது யாருக்கும் கிடைக்காமல் போன எண். விமானத்திலிருந்து கருவி போடும்போதுகூட இந்தச் சிக்கல் உண்டு. கருவி கடலைத் தொடும் இடத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தால் அது மையம் இல்லை என்று அர்த்தம். அதனால் பத்து நாட் காற்றுக்கு ஒரு ஹெக்டாபாஸ்கல் வீதம் கழித்து மையத்தைக் கணிப்பார்கள். அளவைப் பிழையை ஒப்புக்கொண்டு, அதையும் கணக்கில் சேர்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

காலை ஏழு மணிக்கு மையம் டாக்லோபன் நகரத்துக்குத் தெற்கே, லெய்ட்டே தீவின் டொலோசாவில் மறுபடி கரையேறியது. டாக்லோபனில் புயல் துரத்துபவர் ஒருவர் கொண்டுபோயிருந்த கருவி 960 வரைதான் இறங்கியது. கீவானைவிட ஐம்பது அலகு அதிகம். எண்ணை மட்டும் பார்த்தால் டாக்லோபன் தப்பித்திருக்க வேண்டும். ஆனால் ஹையானில் இறந்த 6,300-க்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும் பங்கு டாக்லோபனிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான்.

கொன்றது தண்ணீர்.

அழுத்தம் ஒரு ஹெக்டாபாஸ்கல் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். மேலே இருந்த பாரம் குறைந்ததால் நீர் மேலெழுகிறது, பாதரசப் பாரமானியின் தத்துவமேதான். அந்தக் கணக்கில் நூறு அலகு குறைந்தாலும் கடல் ஒரு மீட்டர்தான் ஏறும். டாக்லோபனில் ஏறியது ஐந்து, ஆறு மீட்டர். மிச்சம் முழுவதும் காற்று தள்ளிக் குவித்த நீர். சமாருக்கும் லெய்ட்டேக்கும் நடுவே இருக்கும் சான் பெட்ரோ விரிகுடா ஒரு புனல். வாய் தெற்கே திறந்திருக்கிறது, போகப்போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. குறுகும் முனையில் டாக்லோபன். மையம் நெருங்கும்வரை காற்று வடக்கிலிருந்து வீசி, விரிகுடாவின் நீரை வெளியே தள்ளியது. கடல் உள்வாங்கியது. மையம் தெற்கே கடந்ததும் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. வெளியே தள்ளப்பட்ட நீரும் புதிதாகத் தள்ளப்பட்ட நீரும் சேர்ந்து புனலுக்குள் பாய்ந்தன. புயலும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. அதனால் உள்வாங்கியதற்கும் ஏறியதற்கும் நடுவே யோசிக்க நேரமே இல்லை. விமான நிலையம் கடலுக்குள் நீண்ட ஒரு நாக்கில் இருந்தது. அதன் கட்டடத்தில் தூண்களும் கூரையும் மிஞ்சின. அனிபோங் பகுதியில் ஈவா ஜோஸ்லின் என்ற சரக்குக் கப்பல் வீடுகளின் மேல் வந்து உட்கார்ந்தது. சில நிவாரண முகாம்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. காற்றுக்கு ஒதுங்கியவர்கள் அங்கே நீரில் சிக்கினார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. பிலிப்பைன்ஸ் வானிலை நிறுவனமான பகாசா, ஏழு மீட்டர் வரை கடல் ஏறலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. அந்த எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஸ்டார்ம் சர்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லில் சொன்னார்கள். தலுயோங் என்று அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் இருக்க, அது எச்சரிக்கையில் முன்னே வரவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் கரைதான் நினைவுக்கு வந்தது. நம் செய்திகளில் கடல் சீற்றம் என்கிறோம், பேரலை என்கிறோம், புயல் அலை என்கிறோம். மூன்றும் அலையைத்தான் சொல்கின்றன. கடலின் மட்டமே சில மீட்டர் உயர்ந்து, அந்த உயர்ந்த மட்டத்தின் மேல் அலை அடிப்பதைச் சொல்ல நமக்கும் நிலைபெற்ற சொல் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது அலை மட்டும் அல்ல, ஏறிய கடல். கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் கடல் ஏறிடுச்சு என்பார்கள். அந்தச் சொல்லே போதும், கடல் ஏற்றம் என்று எச்சரிக்கையில் போடலாம். எத்தனை மீட்டர் என்று சொல்வதைவிட, எந்தத் தெரு வரை, எந்தக் கோயில் படி வரை என்று சொன்னால் இன்னும் நல்லது.

ஒரே எண்ணில் புயலை அடைக்க நினைத்தது அமெரிக்கர்களுக்கும் பாடம் கற்பித்திருந்தது. புயல்களை ஒன்று முதல் ஐந்து வகை வரை பிரிக்கும் அவர்களுடைய சாஃபிர்-சிம்சன் அளவுகோலில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வகைக்கும் காற்றோடு மைய அழுத்தமும் கடல் ஏற்றமும் எழுதியிருந்தன. 2005-ல் கத்ரீனா கரையேறியபோது காற்றுக் கணக்கில் மூன்றாம் வகைதான். அழுத்தம் 920, அது ஐந்தாம் வகைக்குரியது அல்லது அதை ஒட்டியது. கடல் ஏறியது எட்டரை மீட்டர் வரை. மூன்றும் மூன்று வகையைச் சொன்னால் மக்கள் எதை நம்புவார்கள்? 2010-ல் அழுத்தத்தையும் கடல் ஏற்றத்தையும் நீக்கி, அதைக் காற்றுக்கு மட்டுமான அளவுகோலாக மாற்றினார்கள். எதிர்ப்பக்க உதாரணம் 2015 அக்டோபரில் மெக்சிகோவை நோக்கி வந்த பட்ரீசியா. விமானம் உள்ளே போய் அளந்த தரவைக் கொண்டு அதன் உச்சத்தை 872 என்று முடிவு செய்தார்கள். டிப்பின் 870-ஐவிட இரண்டே அலகுதான் அதிகம். ஆனால் கச்சிதமான சிறு புயல், கரைக்கு வருமுன் வேகமாகத் தளர்ந்தது, ஆள் நடமாட்டம் குறைந்த கரையில் ஏறியது. உயிரிழப்பு மிகச் சொற்பம்.

வங்காள விரிகுடாவிலும் நிலைமை ஹையானைப் போன்றதுதான். 1999 அக்டோபர் 29-ல் ஒடிசாவின் பாராதீப் அருகே கரையேறிய அதி உச்சப் புயலுக்கு 912 ஹெக்டாபாஸ்கல் என்று பதிவில் இருக்கிறது. அதுவும் மதிப்பீடு. கண்ணுக்குள் பறந்து அளக்க அப்போது இங்கே விமானம் இல்லை. கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர் இறந்த அந்தப் புயலின் வலிமையை ஹையானோடும் டிப்போடும் பட்டியலிடும்போது, எது அளந்தது, எது மதிப்பிட்டது என்று ஒரு பத்தி சேர்ப்பதே முறை.

பிலிப்பைன்ஸில் பிறகு சில மாற்றங்கள் வந்தன. ஹையானின்போது பொது எச்சரிக்கைக் குறி நான்கோடு முடிந்தது. 2015-ல் பகாசா ஐந்தாம் குறியைச் சேர்த்தது. கடல் ஏற்றத்துக்கான அறிவிப்பும் தனியாக வரத் தொடங்கியது.

அளவையிலும் ஒரு சிறு மீட்சி உண்டு. 2017 அக்டோபரில் நகோயா பல்கலைக்கழகத்தின் கசுஹிசா சுபோகி தலைமையிலான ஜப்பானியக் குழு ஒரு ஜெட் விமானத்தில் லான் புயலின் கண்ணுக்குள்ளேயே நுழைந்தது. அவர்கள் போட்ட கருவிகள் இறங்கிக்கொண்டே அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பின. 1987-க்குப் பிறகு அந்தக் கடலில் ஆய்வுக்காக எப்போதாவது நடக்கும் பறப்புகளில் அது ஒன்று. தினசரிப் பணி இல்லை. அந்தச் சில புயல்களுக்கு மட்டும் மையத்தின் அழுத்தம் கருவி சொன்ன எண்ணாக இருக்கிறது. மற்றவற்றுக்கு இன்னும் மேகத்தைத்தான் படிக்கிறோம்.